சிமென்ட் மூட்டையோடு வராதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தஞ்சை டெல்டாவின் பழைய மிராசு வீடுகள் சில பண்ணைச் சுற்றுலா விடுதிகளாகின்றன. நல்லதுதான். ஆனால் பழுதுபார்க்க முதலில் வந்து இறங்குவது சிமென்ட் மூட்டை. கேடு அங்கேதான் தொடங்குகிறது.

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமான சுவர் ஈரத்தை இழுக்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, இரண்டு மூன்று மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாக உரியும். சிமென்டுக்குப் பதில், ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்த காரை போதும். சுண்ணாம்பு தண்ணீரில் 15 நாளாவது ஊற வேண்டும். அவசரப்பட்டால் நீறாத கட்டிகள் பின்னால் சுவரிலேயே நீறிப் பொரிந்து தெறிக்கும்.

மெட்ராஸ் டெரஸ் கூரையில், அதாவது மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட தட்டைக் கூரையில், தேக்குக் கட்டைகள் சுவருக்குள் புகும் முனையைப் பாருங்கள். நடுவில் திடமாக இருக்கும், முனையில் ஆணி வைத்தால் இறங்கும். பெரும்பாலும் மழைநீர்த் தூம்பு அடைத்ததன் விளைவு. புரட்டாசிக்குள் தூம்பைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

நெல் சேமிக்கும் பெரிய மரப்பெட்டியான பத்தாயத்தை வரவேற்பறை அலங்காரமாக்குவது வேறு கூத்து. அது இன்றும் உதவும் களஞ்சியம். மேலே கொட்டி, அடியில் உள்ள சிறு கதவு வழியே எடுப்பதால் பழைய நெல் முதலில் வரும். களத்தில் காய்ந்த நெல்லை ஆறவிட்டே கொட்ட வேண்டும். சூட்டோடு கொட்டினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இடையிடையே காய்ந்த நொச்சி இலை போடலாம். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்துங்கள். ஓதம் ஏறிய சுவரை ஒட்டினால் பலகைக்குக் கரையான் வரும்.

- வாசகர், கும்பகோணம்