இன்றேல், ஏன்?

படுவான்கரை,
ஞாயிறு இரவு.

அன்பின் மச்சாளுக்கு,

திட்டுவதானால் இந்த வரியோடு திட்டி முடித்துவிடு. ஏழு மாதம். நீ அனுப்பின குரல்பதிவு எல்லாவற்றையும் கேட்டேன், ஒன்றுக்கும் பதில் போடவில்லை. முப்பத்தாறு வருஷம் ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தினவளுக்குத் தன் கடிதம் எழுதக் கை வரவில்லை என்று வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால்தான் பிரச்சினை, வாய்க்கு ஒன்றுமில்லை. சின்னவனுக்குப் பெண் குழந்தை, மூக்கு எங்கள் பக்கத்து மூக்கு, பாவம். பெரும்போக விதைப்பு தொடங்கப் போகிறது, அதோடு யானையும் வரும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் நாலே முக்கால் பஸ் பாராளுமன்றத்துக்குப் போய்விட்டது.

சிரிக்காதே. டவுனிலிருந்து பின்னேரம் வருமே, அதே பஸ்தான். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த அன்று, இனி வாவியைக் கடக்கிற பாதைப் படகுக்காக வெயிலில் காய்ந்துகொண்டு நிற்கத் தேவையில்லை என்று நீ லண்டனில் இருந்து போனில் அழுதாயே, ஞாபகமா? பாலம் நன்றாகத்தான் இருக்கிறது. அதன்மேல் ஓடுவதற்குத்தான் பஸ் இல்லை. தைப்பொங்கல் முடிந்த கையோடு நிற்பாட்டினார்கள். முதலில் டிரைவர் லீவு என்றார்கள். மறுகா ஏதோ பாகம் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகு எவரும் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கிளினிக்குக்குப் போன கிழவிகள் மருந்துப் பையோடு ஸ்டாண்டில் குந்திக்கொண்டு இருக்கிறார்கள். ஓட்டோக்காரன் 2500 கேட்கிறான். கேட்பான்தானே, இருட்டில் திரும்பி வரும்போது யானை நின்றால் அவனுக்கு யார் பொறுப்பு? எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று பெண்பிள்ளைகளின் ஏ.எல். ரியூசன் நின்றுவிட்டது. ‘காணும் படிச்சது’ என்று தாய்மார் சொல்லிவிட்டார்கள். பெடியன்மாருக்குச் சைக்கிள் இருக்கிறது, அவர்கள் போகிறார்கள். பின்னேர பஸ் என்பது பெண்களுடைய விஷயம் என்று இந்த வயதில்தான் எனக்கு உறைத்தது. நாட்டுக்குப் பெண் பிரதமர், எங்கள் மாவட்டத்து ஐந்து உறுப்பினர்களில் ஒரு பெண்கூட இல்லை. இதைச் சொன்னால் என் மருமகன் ‘மாமி அரசியல் பேசத் தொடங்கிவிட்டா’ என்கிறான்.

பேசத்தான் தொடங்கினேன். ஒரு மனு எழுதி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, நாலு இடத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மூன்று இடம் மௌனம். நாலாவது எங்கள் உறுப்பினர் ஒருவர். அவரிடம் வேலை செய்கிற பெடியன் போன் எடுத்து, ‘அன்ரி, இதைப் பாராளுமன்றத்தில் வாய்மூலக் கேள்வியாகப் போடலாம்’ என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கேள்வி எழுதுவதற்கென்று தனியாக ஒரு தமிழ் இருக்கிறது, தெரியுமா உனக்கு? நான் எழுதிக் கொடுத்தது: ‘ஐயா, பின்னேர பஸ்ஸை நிற்பாட்டிப்போட்டார்கள், பிள்ளைகள் வீடு வந்து சேர ஏலாமல் கிடக்குதுகள்.’ அது உடுப்பு மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது இப்படி: ‘(அ) பி.ப. 4.45க்கு மட்டக்களப்பு நகரிலிருந்து புறப்பட்ட பஸ் சேவை நிறுத்தப்பட்டுள்ளதை அவர் அறிவாரா? (ஆ) மேற்படி சேவை மீண்டும் ஆரம்பிக்கப்படும் திகதி யாதென்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா? (இ) இன்றேல், ஏன்?’

எனக்கு இந்த (இ) ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. எந்தக் கேள்வியை எடுத்தாலும், வைத்தியசாலையோ வாய்க்காலோ, அப்படித்தான் முடிகிறது. இப்போது வீட்டிலும் அதுதான். தேங்காய் துருவியாயிற்றா? இன்றேல், ஏன்? அம்மா மட்டும் சிரிக்கமாட்டா. ‘வயசு போகப் போகப் புத்தியும் போகுது’ என்கிறா.

அப்புறம் நான் செய்த கூத்தைக் கேள். கேள்வி இன்ன நாள் வருகிறது என்று அறிந்ததும், மருமகனைப் பிடித்துப் பார்வையாளர் இடத்துக்கு அனுமதி எடுக்கச் சொல்லி, இரவு ரயிலில் கொழும்புக்குப் போனேன். தியவன்னாத் தண்ணீருக்கு நடுவில் செப்புக்கூரை மண்டபங்கள். ஜெப்ரி பாவா கட்டினது, 1982இல் திறந்தது, எல்லாம் மருமகன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். எனக்கு நம்ம வாவிதான் ஞாபகம் வந்தது. ‘இங்கே பஸ் வராவிட்டால் மந்திரிமார் என்ன செய்வார்கள், நீந்தி வருவார்களா?’ என்று கேட்டேன். வாயைப் பொத்தச் சொன்னான். வாசலில் போனை வாங்கி வைத்துவிட்டார்கள். ஒன்பதரைக்குச் சபை கூடியது. 225 பேர் இருக்க வேண்டிய இடத்தில் மேலேயிருந்து தலையை எண்ணினேன். எங்கள் வாசிகசாலைக் கூட்டத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

ஒவ்வொரு இலக்கமாகக் கூப்பிடுகிறார்கள். எனக்கு நெஞ்சு அடிக்கிறது, பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்கப் போன நாள் மாதிரி. எங்கள் ஆள் எழுந்தார், இலக்கத்தைச் சொன்னார். மந்திரி எழுந்தார், சிங்களத்தில் ஒரு வரி சொன்னார், இருந்துவிட்டார். அந்த வரியில் என் காதில் விழுந்தது ‘சதி’ என்ற ஒரே சொல். சதியா? என்ன சதி? ‘சதி தெகக், மாமி. இரண்டு கிழமை. பதில் சொல்ல இரண்டு கிழமை அவகாசம் கேட்கிறார்’ என்றான் மருமகன். முழுதாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை மச்சாள். இரவு முழுக்கக் குந்திக்கொண்டு வந்த என் இடுப்பைத் தடவிக்கொண்டு, எனக்குத் தெரிந்த சதிதான் சரியான மொழிபெயர்ப்பு என்று நினைத்தேன்.

உங்கள் ஊரில் புதன்கிழமை மத்தியானம் பிரதமர் நின்று பதில் சொல்வதை நீ சமைத்துக்கொண்டே பார்ப்பேன் என்பாயே. இங்கேயும் பிரதமரிடம் நேரே கேட்கப் புதன்கிழமையில் நேரம் வைத்திருக்கிறார்கள். நம்ம பஸ் அந்தளவுக்குப் பெரிய ஆளில்லை.

சரி, பதில் வந்தது. இரண்டு கிழமையில் இல்லை, வந்தது. ஹன்சார்ட்டை, அதுதான் பாராளுமன்றப் பேச்சுப் பதிவை, மருமகன் இறக்கித் தந்தான். கேள்வி மூன்று மொழியிலும் அச்சாகியிருக்கிறது, பதில் மந்திரி பேசின சிங்களத்தில் மட்டும். அவரவர் பேசின மொழியிலேயே விடுவதுதான் அங்கே வழக்கமாம். அம்பாறையில் பதினைந்து வருஷம் வேலை பார்த்த உன் சித்தப்பாவைக் கூட்டிவந்து முற்றத்துக் கதிரையில் இருத்தினோம். கண்ணாடியை மூக்கு நுனியில் விட்டு, சாதகம் பார்க்கிறவர் மாதிரி விரலை வைத்து வைத்து வாசித்தார். ‘(அ) இல்லை. மேற்படி பஸ் சேவை தினமும் நடைபெறுகிறது.’ நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். ‘(ஆ) எழாது. (இ) எழாது.’

அதாவது பஸ் ஓடுகிறது. ஓடுவதால் எப்போது ஓடும் என்ற கேள்வி எழாது. அதுவும் எழாததால் ஏன் என்பதும் எழாது. என் அருமை (இ)யை மூன்று எழுத்தால் படுக்கவைத்துவிட்டார்கள்.

முற்றத்தில் ஒரு சத்தமில்லை. பிறகு அம்மா உள்ளேயிருந்து, ‘தான்தோன்றீச்சரத்துக் கல்லு நந்தி புல்லுத் திண்டதை நம்புறீங்கதானே, பஸ்ஸையும் நம்புங்க’ என்றா. எழுபத்தொன்பது வயது மச்சாள். அன்றிலிருந்து ஊரில் அதற்கு ‘நந்தி பஸ்’ என்று பேர். ‘எப்படிப் போனாய்?’ ‘நந்தியிலதான்.’ நடந்து போனான் என்று அர்த்தம்.

மந்திரி பொய் சொன்னாரா? இதுதான் என்னை ஒரு கிழமை நித்திரை கொள்ளவிடாத கேள்வி. விடை எங்கேயிருந்து வந்தது என்று விசாரித்தேன், ஆரிடம் தெரியுமா? கொக்கிடம். உனக்குப் பச்சை மையில் கடிதம் எழுதி, என் கையில் கொடுத்து, நான் முத்திரைக் காசு கேட்ட அதே கொக்கு. பஸ் உலகத்தில்தான் உத்தியோகம், எந்த மேசை என்று எழுதமாட்டேன். தேத்தண்ணி கொடுத்துக் கேட்டதும் எல்லாவற்றையும் சொன்னான். பாராளுமன்றத்திலிருந்து கேள்வி அமைச்சுக்குப் போகும். அமைச்சு போக்குவரத்துச் சபைக்கு அனுப்பும். சபை பிராந்தியத்துக்கு, பிராந்தியம் டிப்போவுக்கு. ‘நாளைக் காலை பத்து மணிக்கு முதல் பதில் வேணும்’ என்று ஃபாக்ஸ் வரும். டிப்போவில் ஒருவர் நேரசூசியை எடுத்துப் பார்ப்பார். அதில் 4.45 இருக்கிறது, நிற்பாட்டச் சொல்லி ஒருவரும் எழுத்தில் கொடுக்கவில்லை. ஆகவே ‘நடைபெறுகிறது’. அந்தத் துண்டு வந்த வழியே படிப்படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் ஒரு கையெழுத்தும் ஒரு சீலும் வாங்கி, கடைசியில் மந்திரி வாயில் போய் இருக்கிறது. பஸ்ஸை நிற்பாட்டின கை எழுதினதைத்தான் கொழும்பில் மைக் பிடித்து வாசித்திருக்கிறார்கள்! ‘பொய் எழுதல்ல அக்கா, இருந்ததத்தான் எழுதினம்’ என்றான் கொக்கு. உன் சுகம் கேட்டான். நரைத்துவிட்டான், கழுத்து மட்டும் அப்படியே.

இதை எழுதலாமா வேண்டாமா என்று பேனையை இரண்டு தரம் மூடி வைத்தேன். எழுதுகிறேன். ‘எழாது’ என்று சித்தப்பா வாசித்தபோது எனக்கு உன் அப்பா ஞாபகம் வந்தார். 1990 செப்டம்பர் 5, வந்தாறுமூலை அகதி முகாம். உன் அண்ணனோடு சேர்த்து 158 பேரை இராணுவம் கொண்டுபோனது, திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு மாமா எழுதின எழுத்து எவ்வளவு! நான் அப்போது டவுன் தபால் கந்தோரில் புதிது. கிழமைக்கு ஒரு தரமாவது வருவார், வெள்ளை வேட்டி, மடித்த குடை, நீள உறை. பதிவுத் துண்டைக் கிழித்துக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார். பதில்களும் என் கையால்தான் போயின. உறையைத் தொட்டாலே தெரிந்துவிடும், உள்ளே ஒற்றைத் தாள். விசாரிக்கப்படுகிறது. உரியவர்களுக்கு அனுப்பப்பட்டுள்ளது. அப்போதும் இதே படிகள்தானே மச்சாள், மேலே போய்க் கீழே வந்தது? எந்தக் கேள்வியைக் கேட்டாலும், அதைச் செய்த இடத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்துப் பதில் எழுதச் சொன்னார்கள். கேட்கிறதற்கும் ஆள் குறைந்துகொண்டு வந்த காலம். பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் விடாமல் கேட்டார், அவரை 2005 நத்தார்ப் பூசையில் மரியாள் தேவாலயத்துக்குள்ளேயே சுட்டார்கள். இன்றைக்கு ஒரு பஸ்ஸுக்காகக் கேள்வி கேட்டுச் சிரிக்க முடிகிறதே என்று சந்தோஷப்படுவதா, வேறென்ன செய்வதா, எனக்குப் பிடிபடவில்லை.

மாமாவுக்கு வந்த பதில்கள் உன்னிடம் இருக்கின்றனவா? ஒவ்வொன்றின் மேலேயும் ‘எனது இல.’ என்று ஒரு கோப்பு எண் இருக்கும். அதைப் படம் பிடித்து அனுப்பு. எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

பஸ்ஸுக்கு நான் அடுத்ததாகப் போட்டது தகவல் உரிமை விண்ணப்பம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், தகவல் அலுவலர் 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும், மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. பஸ் ஓடுகிறதா என்று கேட்கவில்லை. அதைக் கேட்டால் ஓடுகிறது என்று எழுதிவிடுவான், எனக்குப் புத்தி வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு, அந்த 4.45க்கு விற்ற டிக்கெட் எத்தனை, அடித்த டீசல் எவ்வளவு, நாள்வாரியாகப் பதிவேட்டின் பிரதி தரவும் என்று கேட்டேன். ஓடாத பஸ்ஸுக்கு டிக்கெட் கிழிக்க ஏலாதே. அதைக் கையில் வைத்துக்கொண்டு உறுப்பினர் மறுபடி எழுந்து மேலதிக வினா கேட்கலாமாம். கோப்பு எண் இருந்தால் பழைய கடிதத்துக்கும் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்: அண்ணன் எங்கே என்று இல்லை, இந்தக் கோப்பில் கடைசியாகக் கையெழுத்து வைத்தது எந்தத் திகதி என்று. உனக்கு மனம் இல்லாவிட்டால் விடு, ஒன்றும் சொல்லமாட்டேன்.

விண்ணப்பம் போய்ப் பதினோராம் நாள், திங்கட்கிழமை, பஸ் வந்தது! புதுப் பலகை, பெயின்ற் காயாத எழுத்து. நான் வேண்டுமென்றே டவுனுக்குப் போய் அதில் ஏறி வந்தேன். மொத்தம் ஆறு பேர், ஒரு தயிர்ச்சட்டி அடுக்கு. கண்டக்டர் என்னைப் பார்த்து, ‘கொழும்புக்குப் போனது நீங்கதானே?’ என்று கேட்டுவிட்டுக் காசு வாங்க மறந்தமாதிரி நின்றான். நான் விடவில்லை, டிக்கெட் தா என்று வாங்கினேன், பதிவில் விழட்டும். செவ்வாய் வந்தது. புதன் வந்தது. வியாழன் வரவில்லை. வெள்ளி மழை என்றார்கள். 14 வேலைநாள் வருகிற வியாழனோடு முடிகிறது, மேன்முறையீட்டுக் கடிதம் எழுதி மேசையில் தயாராக இருக்கிறது, திகதி மட்டும் போடவில்லை.

தை மாதம் வருவதாகச் சொன்னாயே, உண்மையா, போன வருஷம் மாதிரியா? வந்தால் டவுனில் மத்தியானம் ஒன்றரைக்கு ஒரு பஸ் இருக்கிறது, அதில் வா. அம்மாவுக்கு அந்த முழங்கால் களிம்பு இரண்டு போத்தல். எனக்குப் பச்சை மைப் பேனை ஒன்று, கொக்குக்குக் கொடுக்க.

உன் மச்சாள்