எந்த ரைபிள் வாங்கினாய் என்று கேட்டாயே

கொலம்பஸ், ஒஹையோ

அன்புள்ள சண்முகம்,

முழங்கால் ஆபரேஷன் முடிந்து கைத்தடி இல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மேகலா கோவை ரைபிள் கிளப்பில் ஏர் ரைபிளை விட்டு, நின்றும் முட்டியிட்டும் படுத்தும் சுடும் 50 மீட்டர் த்ரீ பொசிஷனுக்கு மாறியது அதைவிட நல்ல செய்தி. என்.சி.சி.யில் அந்தப் பழைய .22 ரைபிளை மாற்றி மாற்றி வாங்கிக் குப்புறப் படுத்துச் சுட்ட நம் இருவரில் ஒருவன் வீட்டில் இப்படி ஒரு பெண் வருவாள் என்று நம் ஹவில்தாரிடம் சொல்லியிருந்தால், மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு வரச் சொல்லியிருப்பார்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பையன் வேலைக்கு சியாட்டில் போய்விட்டான். சனிக்கிழமை முழுக்க நான் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் கிடப்பதால் கௌசல்யா வீணையை மறுபடி எடுத்திருக்கிறாள். இருவருக்கும் லாபம்.

இனி நீ கேட்ட விஷயம். நான் சுடுவது ‘சர்வீஸ் ரைபிள்’ போட்டி. ராணுவத்தில் இருந்த, இருக்கிற மாதிரித் துப்பாக்கிகளை மட்டுமே அனுமதிப்பார்கள். முக்கியமாகப் பழைய எம்1 கேரண்ட், அதற்குப் பின் வந்த எம்14-இன் குடிமக்கள் வடிவமான எம்1ஏ, அப்புறம் எம்16-இன் குடிமக்கள் வடிவமான ஏ.ஆர்.15. இவை எல்லாம் செமி ஆட்டோமேட்டிக். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா, அடுத்தது தானே ஏறிக்கொள்ளும். நம் ஊரில் தனி ஆள் இதைப் பற்றி யோசிக்கவே முடியாது என்பதால்தான் உனக்கு இவ்வளவு ஆர்வம் என்று நினைக்கிறேன்.

போட்டியின் அமைப்பைச் சொன்னால்தான் தேர்வு புரியும். மொத்தம் 50 தோட்டா, 500 பாயிண்ட். 200 கஜத்தில் நின்றுகொண்டு நிதானமாகப் பத்து. அதே தூரத்தில் உட்கார்ந்து, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பத்து. நடுவில் தோட்டா அடுக்கிய மேகசினை வேறு மாற்ற வேண்டும். 300 கஜத்தில் படுத்துக்கொண்டு அதேபோல வேகமாகப் பத்து. கடைசியாக 600 கஜத்தில் படுத்து, ஒவ்வொன்றாக இருபது. 200 கஜ இலக்கில் பத்து பாயிண்ட் வளையம் 7 அங்குலம். 600 கஜத்தில் அது 12 அங்குலம். அதற்குள் இருக்கும் எக்ஸ் வளையம் 6 அங்குலம்.

நான் முதலில் உட்கார்ந்து போட்டது இந்தக் கணக்கைத்தான். 100 கஜத்துக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் சிதறும் ரைபிள் 600 கஜத்தில் ஆறு அங்குலத்துக்குள் போடும். எக்ஸ் வளையமே அவ்வளவுதான். நின்று சுடும்போது 200 கஜத்தில் அது இரண்டு அங்குலம், வளையமோ ஏழு. அங்கே என் உடம்பு ஆடுகிற ஆட்டத்தில் பாயிண்ட் எட்டுக்கும் ஏழுக்கும் போகிறது. அரை அங்குலம் துல்லியமான துப்பாக்கிக்கு இரண்டு மடங்கு விலை கொடுத்தாலும் அந்த ஆட்டம் நிற்கப் போவதில்லை. அதனால் ‘மிகத் துல்லியமானது எது’ என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, எந்தத் துப்பாக்கி என்னை அதிகம் பயிற்சி செய்ய விடும் என்று பார்த்தேன்.

மனசு கேரண்ட் மேல்தான். ஜான் கேரண்ட் வடிவமைத்து 1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. எட்டு தோட்டா கொண்ட இரும்பு கிளிப்பை மேலிருந்து அமுக்கி உள்ளே தள்ள வேண்டும். கடைசித் தோட்டா போனதும் காலி கிளிப் ‘டிங்’ என்று துள்ளி வெளியே விழும். அதைக் கேட்டால் உனக்கும் ஆசை வரும். ஆனால் சுடும்போது தோளில் விழும் உதைப்பு பலம், தோட்டாவும் விலை. எம்1ஏ-வுக்கு வேறு வினை. அதன் இயந்திரப் பகுதி மரக்கட்டைக்குள் பிசின் பூசி அச்சாகப் பொருத்தப்பட்டிருக்கும். அந்தப் பொருத்தம் தளர்ந்தால் துல்லியம் போயிற்று. பழைய ஆட்கள் சீசன் முழுக்க கட்டையைக் கழற்றவே மாட்டார்கள். 1990-கள் வரை போட்டிகளை ஆண்டது அதுதான், பிறகு ஏ.ஆர். வந்து மொத்தமாக ஓரங்கட்டிவிட்டது. உதைப்பு சொற்பம், குழல் தேய்ந்தால் மாற்றுவது சுலபம்.

ஆகவே ஏ.ஆர். வாங்கினேன். விதிப்படி குழல் 20 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, விசை நாலரை பவுண்டுக்குக் குறையக் கூடாது. எடைக்கல்லை விசையில் மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள், மளிகைக் கடைத் தராசு தோற்றது. 2016-இலிருந்து, இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப்பையும் நாலரை மடங்குக்கு மிகாமல் அனுமதிக்கிறார்கள். ஸ்கோப்போடு சேர்த்துப் பதினொன்றரை பவுண்டு உச்சம், நம் கணக்கில் ஐந்தே கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்கு, குறிபார்க்கும் முன் ஊசியும் இலக்கும் சேர்ந்து தெரியாது என்பது உனக்கும் தெரியும். அந்த ஒரு விதி மாறியிருக்காவிட்டால் நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

பணத்தை மூன்று இடத்தில் மட்டும் போட்டேன். முதலில் குழல். 80 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) போன்ற நீளமான குண்டுகள் நிலையாகச் சுழன்று போக, குழலுக்குள் வெட்டிய திருகு வரிகள் ஏழு எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்ற வேண்டும். 77 கிரெய்ன் மேகசினில் அடங்கும், 200-க்கும் 300-க்கும் அது போதும். 80 கிரெய்ன் தோட்டா நீளம் அதிகம், மேகசினுக்குள் போகாது. 600 கஜத்தில் ஒவ்வொன்றாகக் கையால் போட்டுத்தான் சுடுவோம். குழலும் நிரந்தரமில்லை, நாலாயிரம் ஐயாயிரம் தோட்டாவில் தூரத்து இலக்கில் குண்டுகள் சிதறி விழ ஆரம்பிக்கும்.

இரண்டாவது, குழலைச் சுற்றி, ஆனால் அதைத் தொடாமல் இருக்கும் கைப்பிடி உறை. இதை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நாம் ரைபிளின் தோல் வாரை, அதாவது ஸ்லிங்கை, கையில் இறுக்கிக் கட்டி இழுக்கிறோம் அல்லவா, சாதாரண ரைபிளில் அந்த இழுப்பு நேராகக் குழலுக்குப் போய் அதை வளைக்கும். இறுக்கம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். அதற்காக உறைக்குள் ஓர் உலோகக் குழாயை வைத்து, குழல் எங்கும் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி செய்கிறார்கள். மூன்றாவது, இரண்டு கட்ட விசை. நாலரை பவுண்டில் பெரும்பகுதியை முதல் இழுப்பிலேயே எடுத்துக்கொள்ளும். கடைசியில் விரலுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

தோளில் அணைக்கும் கட்டையின் நீளத்தை மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் நானே முடிவு செய்தேன். என் கை குட்டை. இங்குள்ளவர்கள் பரிந்துரைத்த நீளத்தில் கண் ஸ்கோப்புக்கு எட்டவில்லை.

இத்தனையும் செய்த பிறகு காற்று வந்து எல்லாவற்றையும் கேலி செய்யும். மணிக்கு 10 மைல் பக்கக் காற்று 600 கஜத்தில் குண்டை இரண்டரை அடிக்கு மேல் தள்ளும். ஈரி ஏரிக் கரையில் இருக்கிற கேம்ப் பெர்ரியில் இது இன்னும் மோசம். 1907-இலிருந்து தேசியப் போட்டி நடக்கும் இடம் அது; இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய, இத்தாலியக் கைதிகளை அங்கேதான் வைத்திருந்தார்கள். குண்டுகள் இலக்கைத் தாண்டி ஏரியில் போய் விழும். மீன்பிடிப் படகு ஒன்று தப்பித் தவறி அந்தப் பக்கம் வந்துவிட்டால் சுடுவதை நிறுத்திவிடுவார்கள். எல்லோரும் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்துக்கிடப்போம்.

கௌசல்யாவுக்கு இந்த ரைபிளின் பெயரே பிடிக்காது. துப்பாக்கிச் சூட்டுச் செய்திகளில் அந்தப் பெயர் எப்படி வருகிறது என்று உனக்கும் தெரியும். அவள் சொல்வதில் தப்பில்லை, நான் வாதாடுவதுமில்லை. இரும்புப் பெட்டியின் சாவி ஒன்று அவளிடம், ஒன்று என்னிடம். ரேஞ்சில், துப்பாக்கியின் தோட்டா அறை காலி என்று காட்டும் மஞ்சள் கொடியைச் செருகாமல் யாரும் துப்பாக்கியைக் கீழே வைக்க முடியாது. நம் ஹவில்தார் மெச்சியிருப்பார்.

மேகலாவுக்குப் புது ரைபிள் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கிளப் ரைபிளிலேயே கட்டை நீளத்தையும் கன்னப் பகுதியின் உயரத்தையும் அவளுக்கேற்ப மாற்றி ஒரு சீசன் சுடட்டும். மிச்சப்படும் பணத்துக்குத் தோட்டா வாங்கிக் கொடு. நிற்பது, முட்டியிட்டு உட்கார்வது, படுப்பது மூன்றிலும் அவள் ஸ்கோரைத் தனித்தனியாக எழுது, பார்த்துச் சொல்கிறேன். தோள், மார்பு, கை அளவும் சேர்த்து அனுப்பு. டிசம்பரில் வரும்போது ஷூட்டிங் ஜாக்கெட் கொண்டுவருகிறேன்.

உன்,
ராகவன்