ஏனோக்கைக் காட்டி என் தங்கச்சியை அழவைக்காதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையின் ஆன்மிகப் பக்கத்தில் மரணத்தைக் காணாத பரிசுத்தவான்கள் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. வேதாகமத்தில் வருகிற ஏனோக்கு, எலியா, கூடவே மோசே, யோவான் என்று நான்கு பேரை வரிசையாகப் போட்டு, முழு விசுவாசம் இருக்கிறவனுக்கு சாவு கட்டாயமில்லை என்கிற மாதிரி முடித்திருந்தார்கள். எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஒக்டோபர் மழையில் எங்கள் அம்மா இறந்துபோனார். நாற்பது வருஷத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்தவர். சீனி வருத்தம் கிட்னியைப் பிடித்துவிட்டது, கடைசி நாலு மாதம் கிளினிக்குக்கும் லயத்துக்குமாகத்தான், தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் அந்த வரிசை வீட்டுக்குமாகத்தான், அலைந்தோம். மரண வீட்டில் வாசலில் படங்கு கட்டி, நாற்காலி போட்டு, ராத்திரி முழுக்க சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். மறுநாள் காலையில் டவுனில் இருந்து ஓர் ஊழியக்காரர் வந்தார், எங்கள் சபைக்காரர் இல்லை, தங்கச்சி இடைக்கிடை போய்வந்த ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவர். கையில் மைக், சின்னதாக ஒரு ஸ்பீக்கர். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஏனோக்கின் கதையைச் சொன்னார், எலியா பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டபோது வந்த அக்கினி ரதத்தைச் சொன்னார், சொல்லிவிட்டு, "இந்த வீட்டில் அந்த விசுவாசம் இருந்திருந்தால் இன்றைக்கு இந்தப் பெட்டி இங்கே இருக்காது" என்றார். தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் பின்னால் இருந்தவர்களுக்கு சரியாகக் கேட்கவில்லை. அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தங்கச்சிக்குக் கேட்டுவிட்டது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், அம்மா உயிரோடு இருந்தபோது அந்த மனிதர் மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை, ஒரு சதம் காணிக்கையும் கேட்கவில்லை. அவர் செய்தது அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான். ஆனால் அன்றிலிருந்து இந்தப் பதினொரு மாதமாக தங்கச்சி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள். "அண்ணே, அந்த வெள்ளிக்கிழமை உபவாசத்தை நான் பாதியிலே விட்டுட்டேனே, அதனாலயா அம்மா போனாங்க?" மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது நடுவில் நின்று அழுகிறாள் என்று கூட வேலை செய்கிறவர்கள் வந்து சொல்கிறார்கள். அதனால்தான் நான் வேதாகமத்தைத் திரும்பவும் முதலில் இருந்து எடுத்து, இந்த எடுத்துக்கொள்ளப்பட்டவர்களைப் பற்றிய இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாக வாசித்தேன். இருபது வருஷமாக ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிறவன்தான், ஆனாலும் இந்தத் தடவை வாசித்த மாதிரி நான் வாசித்ததில்லை.

முதலில் கட்டுரையில் உள்ள பிழையைச் சொல்லிவிடுகிறேன். மோசே இறந்தார். உபாகமம் 34ஆம் அதிகாரத்தில் பட்டவர்த்தனமாக இருக்கிறது, மோவாப் தேசத்துப் பள்ளத்தாக்கில் அடக்கம் நடந்தது, வயது 120, கல்லறை எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது, ஜனங்கள் 30 நாள் அழுதார்கள். அவருடைய சரீரத்தைக் குறித்து பிரதான தூதனாகிய மிகாவேல் பிசாசோடு தர்க்கம் பண்ணினதாக யூதா நிருபத்தில் வருகிற வசனத்தை வைத்துத்தான் அவரும் எடுத்துக்கொள்ளப்பட்டார் என்று சிலர் சொல்கிறார்கள், ஆனால் சரீரம் என்று ஒன்று கிடந்தால்தானே அதைப் பற்றித் தர்க்கம் வரும்? இயேசுவின் சீஷனாகிய யோவான் விஷயம் இன்னும் தெளிவு. அந்தச் சீஷன் மரிப்பதில்லை என்ற பேச்சு சகோதரருக்குள்ளே பரவியது என்றும், இயேசு அப்படிச் சொல்லவில்லை என்றும் யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரமே திருத்திச் சொல்கிறது. அந்தக் காலத்திலேயே இப்படி ஒரு பேச்சு கிளம்பி, அந்தக் காலத்திலேயே அதைத் திருத்தியும் இருக்கிறார்கள்.

மிச்சம் ஏனோக்கும் எலியாவும். இவர்கள் சாவைக் காணவில்லை என்பதை நானும் நம்புகிறேன், அதில் எனக்கு சந்தேகமே இல்லை. ஏனோக்கைப் பற்றி ஆதியாகமத்தில் இருப்பது ரொம்பக் கொஞ்சம், வாழ்ந்தது 365 வருஷம், அப்புறம் "தேவனோடே சஞ்சரித்துக்கொண்டிருக்கையில், காணப்படாமற்போனான்; தேவன் அவனை எடுத்துக்கொண்டார்". அந்த 5ஆம் அதிகாரத்தை சத்தமாக வாசித்துப் பாருங்கள், ஆதாமில் தொடங்கி ஒவ்வொரு பெயருக்கும் கடைசியில் மரித்தான், மரித்தான் என்றே வரும், எட்டுப் பேருக்கு அப்படி வரும், நடுவில் இந்த ஒருவருக்கு மட்டும் வராது. அவரைப் பெற்ற யாரேத்தும் மரித்தார், அவர் பெற்ற மெத்தூசலா 969 வருஷம் இருந்தும் மரித்தார். ஏனோக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதால் அந்த எட்டுப் பேரையும் விசுவாசம் இல்லாதவர்கள் என்று எங்கேயாவது சொல்லியிருக்கிறதா? இல்லையே.

விசுவாசத்தினாலே ஏனோக்கு மரணத்தைக் காணவில்லை என்று எபிரெயர் 11ஆம் அதிகாரம் சொல்லுகிறதே என்று கேட்பார்கள். கேட்கட்டும். அதற்கு ஒரு வசனம் முன்னால் யார் இருக்கிறார் என்று பாருங்கள். ஆபேல். அவரையும் விசுவாசத்தினாலே என்றுதான் எழுதியிருக்கிறது. சொந்த அண்ணன் கையால் வயல்வெளியில் செத்தவர். "அவன் மரித்தும் இன்னும் பேசுகிறான்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏனோக்குக்கு வருகிறார்கள். ஒரே விசுவாசம், ஒருவர் சாகவில்லை, ஒருவர் கொலையுண்டார். அதே அதிகாரத்தின் கடைசிப் பக்கம் போனால் கல்லெறியுண்டவர்கள், வாளால் அறுப்புண்டவர்கள் எல்லாரும் அதே விசுவாசப் பட்டியலில்தான் இருக்கிறார்கள். இந்த வரிசையை மரண வீட்டில் அந்த ஊழியக்காரர் வாசித்திருந்தால் நான் அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருப்பேன்.

எலியாவுக்கு வருகிறேன். ரதத்தை எல்லாரும் சொல்கிறார்கள், சூரைச்செடியைச் சொல்வதில்லை. 1 இராஜாக்கள் 19. யேசபேல் ராணிக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட மனிதர் இவர். கடைசியில் சாகாமல் போன அதே எலியா, சாக வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறார்! அதற்கு ஆண்டவர் என்ன செய்தார்? உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லவில்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பித் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தார், சாப்பிட்டுவிட்டு திரும்பவும் படுத்தவரை மறுபடியும் எழுப்பி, இன்னும் சாப்பிடு, நீ போக வேண்டிய தூரம் அதிகம் என்றார். அம்மா விடியற்காலையில் அடுப்புத் தணலில் ரொட்டியைத் திருப்பிப் போட்டு எடுத்து, அந்தக் கைகளால், பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்துப்போன கைகளால், எங்கள் இருவருக்கும் பிய்த்துக் கொடுத்ததுதான் இந்த இடத்தை வாசிக்கும்போது எனக்கு ஞாபகம் வருகிறது.

அடுத்தது எலியாவின் சீஷன் எலிசா. எலியாவின் ஆவியில் இரட்டிப்பான பங்கைக் கேட்டு வாங்கினவர். அவர் எப்படிப் போனார் தெரியுமா? மரணத்துக்கு ஏதுவான வியாதியாய்க் கிடந்து செத்தார், 2 இராஜாக்கள் 13. இரட்டிப்புப் பங்கு பெற்றவர் நோயில் படுத்து இறந்திருக்கிறார், அவருடைய எலும்பின் மேல் பட்ட பிரேதம் உயிரோடு எழுந்தது என்றும் அதே அதிகாரம் சொல்லுகிறது. அம்மாவின் கட்டிலைப் பார்த்து விசுவாசத்தை அளந்தவர்கள் எலிசாவின் கட்டிலை எந்த அளவுகோலால் அளப்பார்கள்?

இப்படி எடுத்துக்கொள்ளப்படுவது என்கிற இந்த நம்பிக்கை நம்மோடு மட்டும் நிற்பதும் இல்லை. எங்கள் லயத்தில் கத்தோலிக்க அக்கா ஒருவர் இருக்கிறார், ஓகஸ்ட் 15 வந்தால் எப்பாடுபட்டாவது மடு மாதா கோவிலுக்குப் போய்விடுவார், அன்றைக்கு மரியாளின் விண்ணேற்புத் திருநாள். 1950இல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் அதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தபோதுகூட, தாய் மரியாள் இறந்த பிறகு எடுத்துக்கொள்ளப்பட்டாரா, இறக்காமலேயா என்பதைத் திறந்தே விட்டார், மண்ணக வாழ்வை முடித்த பின் என்று மட்டும் சொன்னார். பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பரிடம் பேசினால், குர்ஆனில் இத்ரீஸ் நபியை உயர்ந்த இடத்துக்கு உயர்த்தினோம் என்று வருகிறது, ஏனோக்கும் அவரும் ஒருவரே என்று பலர் சொல்வார்கள் என்றார். மாரியம்மன் கோவில் பஜனையில் பாடுகிற பக்கத்து லயத்து மாமாவைக் கேட்கவே வேண்டாம், சம்பந்தர் நல்லூர்ப் பெருமணத்தில் சோதியில் கலந்தது, மாணிக்கவாசகர் தில்லையில் மறைந்தது, 1874 தைப்பூசத்தன்று மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியது எல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கிறார். ஆனால் அவர் எங்கள் அம்மாவின் செத்த வீட்டுக்கு வந்தபோது என்ன செய்தார்? படங்குக் கயிறு தளர்ந்துகிடந்ததை இழுத்துக் கட்டினார், குழி தோண்டப் போன பையன்களோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மயானத்துக்கு ஏறினார். வள்ளலார் மறைந்த மாதிரி உன் அம்மா ஏன் மறையவில்லை என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

இன்னொரு விஷயமும் மனதை அரிக்கிறது. எலியா போன பிறகு எரிகோவில் இருந்த தீர்க்கதரிசிகளின் புத்திரர், அதாவது தீர்க்கதரிசிகளின் சீஷர் கூட்டம், சும்மா இருக்கவில்லை. மலை மேலாவது பள்ளத்தாக்கிலாவது கர்த்தருடைய ஆவி அவரைக் கொண்டுபோய் வைத்திருக்கலாம் என்று எலிசாவை வற்புறுத்தி, 50 பேரை அனுப்பி மூன்று நாள் தேடினார்கள், கிடைக்கவில்லை. மலையும் பள்ளத்தாக்கும் என்றதும் எனக்கு மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவுதான் கண் முன்னால் வந்தது. 2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தையில் லயங்களோடு சேர்த்து மண் மூடிய பிறகு, எங்கள் சபையில் இருந்து சாமான் ஏற்றிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். ரோட்டில் இருந்து கீழே பார்த்தால் வெறும் சிவப்பு மண், வீடு இருந்த இடம் எது என்றே அடையாளம் தெரியவில்லை, ஒரு மனிதர் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். சிலருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. நமக்குக் காணப்படாமல் போவது என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்ட வேலைக்காக இந்தியாவில் இருந்து கப்பலேறி, தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்து வழியிலேயே விழுந்துபோன நம் முன்னோருக்கும் கல்லறை இல்லை, மோசேயைப் போல. இப்படிப்பட்ட ஜனத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, நல்லவனை ஆண்டவர் சாகாமல் எடுப்பார் என்று மைக்கில் சொல்வதற்கு முன் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா?

ரதம் மேலே போனதும் எலிசா என்ன செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவருக்குக் கண்ணால் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது, தன் எஜமான் சாகவில்லை, பரலோகத்துக்கே போகிறார் என்று தெரியும். அப்படி இருந்தும் "என் தகப்பனே, என் தகப்பனே" என்று கத்தி, உடுத்தியிருந்த வஸ்திரத்தை இரண்டாகக் கிழித்தார். மனிதன் அழத்தான் செய்வான். தங்கச்சி அழுவதை அவிசுவாசம் என்று சொன்னவர்கள் இதற்கு என்ன பெயர் வைப்பார்கள்?

ஆசிரியர் அவர்களே, அந்தக் கட்டுரையில் மோசே, யோவான் பற்றி வந்த பிழையை அடுத்த ஞாயிறு திருத்திப் போடுங்கள். அப்புறம் எலியாவைப் பற்றி இனி யார் எழுதி அனுப்பினாலும் சூரைச்செடியையும் எலிசாவின் வியாதிப் படுக்கையையும் விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள். உங்கள் பத்திரிகை தோட்டங்களில் கை மாறிக் கை மாறிப் போகிறது, ஒரு பிரதியைப் பத்து வீடு படிக்கும், அந்தப் பத்து வீட்டில் ஒரு வீட்டிலாவது அண்மையில் சாவு நடந்திருக்கும்.

வருகிற மாதம் அம்மாவின் வருஷ நினைவு ஆராதனை. 2 இராஜாக்கள் 2ஆம் அதிகாரத்தை ரதத்தோடு நிறுத்தாமல் 18ஆம் வசனம் வரைக்கும் வாசிக்க வேண்டும் என்று போதகரிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றார். தங்கச்சிதான் வாசிக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு ஞாயிறு பாடசாலை ஆசிரியர்,
மஸ்கெலியா.