நொய்யல் கரைக்குப் போகும் மகளுக்கு

அன்புக் கண்ணுக்கு,

நொய்யல் கரையில் மேற்பரப்பாய்வுக்குப் போகிறாய் என்றதும் மனசு நிறைந்துபோயிற்று. அந்தக் கரையில் இருக்கும் பழைய ஊரான கொடுமணல் என்றாலே எல்லோரும் மணிகளைப் பற்றித்தான் பேசுவார்கள். படியூரின் பெரில் என்ற மணிக்கல்லும் சிவன்மலை நீலக்கல்லும் பக்கத்திலேயே கிடைத்ததால் அங்கே கல்மணித் தொழில் செழித்தது, இரும்பு உருக்கினார்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் எப்படிக் குடியிருந்தார்கள், என்ன சமைத்தார்கள் என்பதைச் சொல்வது மண்ணின் நிறமும் சாம்பலும் எலும்பும். முதலில் தவறிப்போவதும் அவைதான். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அறுவடை முடிந்து உழவு ஓட்டி, ஒரு மழை பெய்த விவசாயக் காடு கிடைத்தால் விடாதே. புழுதி கழுவப்பட்டு உடைந்த பானை ஓடுகள் பளிச்சென்று தெரியும். பயிர் நிற்கும் காட்டில் ஓடு தெரியவில்லை என்பதால் அங்கே ஊர் இல்லை என்று எழுதிவிடாதே. ஐந்து மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடங்கள். 20 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு பையில் சேகரித்து, எண்ணி எடை போடுங்கள். விளிம்பும் கீறலும் உள்ள ஓட்டை மட்டும் பொறுக்கிவிட்டு முரட்டு ஓடுகளை விட்டுவிடுவது எல்லோருக்கும் வரும் ஆசை. அப்படிச் செய்தால் சமையல் சட்டியே இல்லாத ஊராக அது கணக்கில் ஏறும்.

ஓடு கிடந்தாலே கீழே ஊர் இருக்கிறது என்றும் ஆகாது. நம் விவசாயிகள் குளத்து வண்டலை வண்டி வண்டியாக அள்ளிக் காட்டில் அடிப்பார்கள்; வேறு இடத்து ஓடும் அதோடு வந்துவிடும். அப்படி வந்தவை பெரும்பாலும் சிறிசாக, முனை மழுங்கி இருக்கும். கீழிருந்து கலப்பை புதிதாகக் கிளப்பிய ஓடு பெரிசாக, உடைந்த முனை கூர்மையாக இருக்கும். சரிவான காட்டில் ஓடுகள் கீழ்வரப்புப் பக்கம் நகர்ந்து சேரும் என்பதையும் மனசில் வை. சந்தேகம் வந்தால் பக்கத்தில் வெட்டிய கிணறு இருக்கிறதா என்று காட்டுக்காரரைக் கேள். கிணற்றுச் சுவரில் சாம்பல் நிற மண் பட்டையாக ஓடினால், குழி போடாமலே பாதி விடை கிடைத்துவிடும்.

கருப்பு-சிவப்பு ஓட்டைப் பார்த்ததும் காலம் சொல்லிவிடாதே. கவிழ்த்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் போகாமல் உட்புறமும் வாயும் கறுத்து, வெளியே அடிப்பாகம் சிவந்திருக்கும். இந்த வகை இரும்புக் காலத்திலும் உண்டு, சங்க காலத்திலும் உண்டு. கூட என்னென்ன கிடக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

பிறகு குழி போடும் வேலை வந்தால், கலப்பை கலக்கிய மேல்மண்ணைத் தனியாக எடுத்துவிடு. டிராக்டர் உழுத இடத்தில் அது 20, 30 செ.மீ. வரை இருக்கும். அதில் கிடைப்பது எதுவும் தன் இடத்தில் இருப்பதல்ல. அதற்குக் கீழே கரணையால், அதாவது கொத்தனார் கரண்டியால், தரையை மெல்லச் சீவி, கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார். சுற்று மண்ணைவிடக் கறுத்து, பொலபொலவென்று வட்டமாகத் தெரிந்தால் அது வீட்டைத் தாங்க மரத்தூண் நட்ட கால்குழியாக இருக்கலாம். மரம் மக்கிய இடத்தில் மேல்மண் இறங்கி நிரம்பியதால்தான் அந்தக் கறுப்பு. உடனே முழுசாகத் தோண்டி எடுத்துவிடாதே. பாதியை மட்டும் நெடுக்காக வெட்டி, பக்கவாட்டில் பார். எலிவளை வளைந்து பக்கமாகப் போகும். வேர்த்தடம் கீழே போகப்போகக் குறுகிக் கிளை விடும். கால்குழியின் சுவர் நேராக இறங்கும். கால் ஆடாமல் இருக்க இடுக்கில் கல்லோ ஓடோ செருகியிருப்பதும் உண்டு. இரண்டு மூன்று குழிகள் ஒரே வரிசையில் வந்தபிறகு வீடு என்று சொல். ஒற்றைக் குழியை வைத்து வீடு கட்டாதே.

அடுப்புச் சாம்பலைக் கொட்டிவிடாதே. தண்ணீரில் கலக்கினால் கருகிய தானியமும் உமியும் மிதக்கும். மெல்லிய சல்லடையில் வடித்து நிழலில் உலர்த்து. எலும்பும் அப்படித்தான், ஒரு துண்டையும் விடாதே. கீழடியில் எடுத்த எலும்புகளைப் புனே டெக்கான் கல்லூரியில் பார்த்துத்தான் மாடு, எருமை, ஆடு வளர்த்ததும், காட்டுப்பன்றியும் கலைமானும் அங்கே வந்துசேர்ந்ததும் தெரிந்தன. எனக்கு அந்தப் பட்டியல் எந்தப் பொன் நகையையும்விடப் பெரிசு.

காலம் கணிக்க ஆய்வகத்துக்கு அனுப்பும் கரித்துண்டைக் கையால் தொடாதே. கரணை முனையால் எடுத்து அலுமினியத் தாளில் சுற்று. பஞ்சும் காகிதமும் வேண்டாம். எலிவளைக்கும் வேருக்கும் பக்கத்தில் எடுத்த கரியை அனுப்பாதே, மேலிருந்து இறங்கியதாக இருக்கலாம். கீழடியில் கி.மு. 580 என்று காலம் வந்த கரி 353 செ.மீ. ஆழத்தில் எடுத்தது. அந்த ஆழம் பதிவாகியிருப்பதால்தான் மேலே கீழே கிடைத்தவற்றை அதோடு சேர்த்துப் பேச முடிகிறது. வடக்கே எத்தனை, கிழக்கே எத்தனை, ஆழம் எத்தனை என்ற மூன்று அளவையும் பொருள் கிடைத்த அந்த நிமிஷமே எழுது, சாயங்காலம் எழுதலாம் என்று வைக்காதே.

மூடும்போது குழியின் அடியில் பிளாஸ்டிக் தாளோ ஆற்று மணலோ பரப்பு. பின்னால் தோண்டுபவர்களுக்கு நீ எதுவரை போனாய் என்று தெரியும். எடுத்த மேல்மண் கடைசியில் மேலேதான் போக வேண்டும், அதனால் முதல்நாளே அதைத் தனிக் குவியலாகப் போடு. அடிமண் மேலே வந்துவிட்டால் பயிர் ஏறாது. அப்புறம் பக்கத்துக் காட்டுக்காரர் யாரும் உங்களுக்கு இடம் தரமாட்டார்.

வேலைக்கு முன்னால் தொப்பி, தண்ணீர் எடுத்துக்கொள். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா