தையல் மெஷின் பெல்ட்டுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஆச்சிமாருக்கும் அண்ணன்மாருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

சனிக்கிழமை ராத்திரி நாங்கள் போட்ட படத்தின் இரண்டாவது ரீலின் நடுவில் புரொஜெக்டர் பெல்ட் அறுந்து என்ன ஆனது என்று வளவில், வீட்டு நடு முற்றத்தில், உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். வராதவர்களுக்கு ஞாயிறு காலைக் காப்பிக்கு முன்பே சேதி போய்விட்டது. அதை மறுபடி எழுதவில்லை. படம் முழுதாக ஓடி முடிந்தது, பிலிம் பிழைத்தது, 'மெட்ரோபொலிஸ்' என்ற அந்த ஜெர்மன் மௌனப் படம் இப்போது தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. வயிற்றில் கட்டிய நெருப்பு முழுக்க அணைவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி தையல் மெஷின் கடை அண்ணனுக்கு. அவர் படம் பார்க்க வந்தவரே இல்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தவர்.

அவர் செய்தது என்ன என்று விளங்க, அறுந்தது என்ன என்று தெரிய வேண்டும். 16 எம்.எம். புரொஜெக்டரில் ஓடி முடித்த பிலிமைச் சுற்றி வாங்கும் ரீலைத் திருப்புவது ஒரு சின்ன ரப்பர் பெல்ட். நம் ஊர் வெயிலில் பழைய ரப்பருக்கு இரண்டே கதிதான்: வெடித்துப் போகும், இல்லை பாகாக இளகிப் புல்லியோடு ஒட்டிக்கொள்ளும். பிலிமில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 7.62 மில்லிமீட்டர். விநாடிக்கு 24 படம் என்றால் விநாடிக்கு 18 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், நிமிடத்துக்கு 36 அடி. பெல்ட் அறுந்தாலும் புரொஜெக்டரின் பற்சக்கரம் நிற்காது. வாங்கிக்கொள்ள ஆளில்லாத பிலிம் அத்தனையும் ஆத்தங்குடிக் கல் மேல் குவியும். அந்தக் கல் காலுக்கு வழவழப்பாக இருக்கலாம்; பிலிமுக்கு ஒரு மணல் துகள் போதும், 40 அடிக்குக் கோடு கிழிக்கும். அதைவிட மோசம், கீழே இழுப்பு இல்லாமல் போனால் லென்ஸுக்குப் பின்னால் பிலிமைப் பிடிக்கும் சட்டத்துக்குக் கீழே தளர்வாக விட்டிருக்கும் பிலிம் வளையம் கலைந்து, பிலிமைப் படம் படமாக இழுக்கும் நகம் ஓர ஓட்டையில் விழாமல் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே போகும்.

அண்ணனிடம் போனது, கட்டிப்போட ஏதாவது ரப்பர் வளையம் கிடைக்குமா என்று கேட்கத்தான். அவர் இரண்டு கேள்வி கேட்டார். "புல்லியில பள்ளம் எவ்வளவு அகலம்? சுத்துறது கனமா, லேசா?" இரண்டாவது கேள்வி புரொஜெக்டர் மெக்கானிக் கேட்க வேண்டிய கேள்வி. ரீல் எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. நடுக்குமிழ் 12 சென்டிமீட்டர் விட்டம் என்றால் தொடக்கத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 29 சுற்று. பிலிம் ஏறி 34 சென்டிமீட்டர் விட்டம் ஆகும்போது 10 சுற்றுதான். மோட்டார் வேகமோ மாறாது. நடுவில் எங்காவது நழுவ வேண்டும். நம்முடைய மாடலில் அந்த நழுவலைப் பெல்ட்டிடமே விட்டிருக்கிறார்கள். ஆகவே பிடி குறைந்தாலும் ஆபத்து, கூடினால் அதைவிட ஆபத்து.

கடையில் புதுத் தோல் பெல்ட் சுருள் சுருளாகத் தொங்கியது. அதில் ஒன்றைத்தான் தருவார் என்று நினைத்தோம். அவர் அதைத் தொடவே இல்லை. புதியது கனம் கூடுதல், நம் புல்லிப் பள்ளத்தில் அடங்காமல் விளிம்பில் ஏறி ஓடும். புதுத் தோல் ஓட ஓட நீளும், அரை மணியில் தொளதொளத்துவிடும் என்றார். பிறகு தான் தைத்துக்கொண்டிருந்த மிதி மெஷினில் இருந்து, ஆண்டுக்கணக்கில் மிதிபட்டு, நீள வேண்டிய மட்டும் நீண்டு, 5 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்த பெல்ட்டைக் கழற்றினார். மெஷின் மேல் பாதி தைத்த ஜாக்கெட் அப்படியே ஊசிக்கடியில் கிடந்தது.

வளவுக்கு வந்து சணல் கயிற்றை இரண்டு புல்லியையும் சுற்றிப் பிடித்து அளவெடுத்தார். அந்த அளவில் அரை அங்குலம் குறைத்துத் தோலை வெட்டினார். முனையில் இருந்து கொஞ்சம் தள்ளிக் குத்தூசியால் ஓட்டை போட்டார். ஓரத்தில் போட்டால் இழுப்பில் பிய்த்துக்கொண்டு வரும். கம்பி கிளிப்பை மாட்டி, அதன் கால்கள் தோலுக்குள் புதையும் வரை குறட்டால் அழுத்தினார். கிளிப் துருத்திக்கொண்டிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் புல்லி மேல் ஏறி இறங்கும், அந்த உதறல் ரீலுக்குப் போய்ப் பிலிமைச் சுண்டும். குங்கிலியப் பொடி தடவலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டதற்கு, "பிடி கூடிட்டா அப்புறம் எது அறும்?" என்று திருப்பிக் கேட்டார். கடைசியில் வெற்று ரீலைச் சுழலவிட்டு ஒற்றை விரலால் நிறுத்திப் பார்த்தார். விரல் வைத்தால் ரீல் நின்று பெல்ட் நழுவ வேண்டும், விரலை எடுத்ததும் ரீல் தானே கிளம்ப வேண்டும். கிளம்பியது. பெல்ட் மாற்றுகிறவர்கள் இந்தச் சோதனையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விலை கொடுத்து வாங்கும் எந்த அளவுகோலையும்விட நம்பலாம்.

வெட்டிய தோல் இனி அவர் மெஷினுக்கு நீளம் போதாது. காசு வாங்கவில்லை. போய்ச் சாப்பிடுங்கள் என்றால், "ஓடுதான்னு பார்த்துட்டுப் போறேன்" என்று மூன்றாவது ரீல் முழுவதும், 44 நிமிடம், பெல்ட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையை அதிகம் பார்க்கவில்லை. பொய் மரியா, அதாவது மரியா என்ற பெண்ணின் உருவில் செய்த யந்திரப் பெண், விசையைத் தள்ளி, நகரத்தையே ஓட்டும் இதய யந்திரம் வெடித்து, தொழிலாளர் நகரத்துக்குள் வெள்ளம் பாயும்போது மட்டும் நிமிர்ந்தார். "இத்தாப் பெரிய மெஷினுக்கு ஒரு பிரேக் வைக்கலையா?" என்றார். இந்தப் படத்தைப் பற்றி வந்த விமர்சனங்களில் பாதியை அந்த ஒரு வரிக்கு ஈடாகக் கொடுக்கலாம்.

விரல் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1927 ஜனவரி 10 அன்று பெர்லினில் வெளியானபோது இந்தப் படத்தின் நீளம் 4,189 மீட்டர், விநாடிக்கு 24 படம் என்று ஓட்டினால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். அமெரிக்க வெளியீட்டுக்கு அதில் ஏறத்தாழ கால் பங்கை வெட்டினார்கள். கதாநாயகன் ஃபிரேடரின் இறந்த தாய் பெயர் ஹெல். ஆங்கிலத்தில் நரகம் என்று காதில் விழும் என்பதற்காக அவள் கதையையே எடுத்துவிட்டார்கள். எதற்காகப் படத்தில் வரும் விஞ்ஞானி யந்திரப் பெண்ணைச் செய்கிறான், எதற்கு இத்தனை வன்மம் என்ற காரணம் அவளோடு போயிற்று. 11811 என்ற எண் மட்டுமே அடையாளமாக உள்ள தொழிலாளியின் கதையும், ஒல்லியன் என்று அழைக்கப்படும் உளவாளியும் பெரும்பாலும் போனார்கள். வெட்டியது தொலைந்தே போயிற்று என்று பல தலைமுறை நம்பியது.

அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில், பழைய திரைப்பட கிளப் ஒன்றில் இந்தப் படத்தை ஓட்டிய கதை ஒன்று உலவியது. பிரதி ஆடாமல் இருக்க, ஓட்டியவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாராம். இதைக் கேட்ட ஃபெர்னாண்டோ பெனா என்ற திரைப்பட ஆய்வாளருக்குப் பொறி தட்டியது: உலகுக்குத் தெரிந்த பிரதி அவ்வளவு நேரம் ஓடாதே! 2008-ல் அந்த நகரத்துத் திரைப்பட அருங்காட்சியகத்தில் பெட்டிகளைத் திறந்தார்கள். கிடைத்தது, நம்மிடம் இருப்பது போலவே 16 எம்.எம். பிலிம். எளிதில் தீப்பிடிக்கும் பழைய நைட்ரேட் பிலிமில் இருந்து சிறிய அகலத்துக்கு இறக்கியபோது அதன் கீறல்களும் சேர்ந்தே பதிந்துவிட்டன. ஆனால் காணாமல் போன சுமார் 25 நிமிடம் அதில் இருந்தது. 2010 பிப்ரவரியில் அது சேர்ந்த படம் பெர்லினில் திரையேறியது. நீங்கள் சனிக்கிழமை பார்த்தது ஏறக்குறைய முழுதான அந்தப் படம் இல்லை, பழைய வெட்டுப் பிரதி. முன்பே அறிவித்திருக்க வேண்டும், மன்னியுங்கள்.

படம் முடியும்போது வரும் வாசகம் ஞாபகம் இருக்கும்: தலைக்கும் கைக்கும் நடுவில் இதயம் தூது போக வேண்டும். இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் பின்னாளில் இதைத் தானே நம்பவில்லை என்று சொன்னவர். எங்களுக்கும் ஒப்பவில்லை. மேலே தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தலை, கீழே பத்து மணி நேர ஷிப்டுக்கான கடிகார முள்ளைக் கட்டிக்கொண்டு தள்ளாடுபவர்களுக்கு வெறும் கை என்று படம் முதலிலேயே பிரித்துவிடுகிறது. அரை அங்குலம் குறைத்து வெட்டு என்று அண்ணனுக்கு எந்தத் தலை வந்து சொன்னது? கையும் குறடும் சேர்ந்து யோசித்ததை எதிரே நின்று பார்த்தோம். ஆனாலும் அந்தப் பத்து மணிக் கடிகாரக் காட்சியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. புதுவயல் ரைஸ் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்கள் வளவில் நாலைந்து பேர் இருந்தார்கள். அந்த நேரத்தில் அவர்கள் பக்கம் இருமல் சத்தம்கூட இல்லை.

மற்றவர்களையெல்லாம் ஒரே பந்தியில் உட்கார வைக்கிறோம், கோபிக்க வேண்டாம். வளவைத் திறந்துவிட்டு, கும்பலுக்குக் கந்தரப்பமும் சுட்டுக் கொடுத்த பெரியாச்சிக்கு நன்றி. சுவரிலேயே காட்டலாமே என்று அவர் ஆசையாகக் கேட்டார். முட்டை வெள்ளை சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் கண்ணாடி மாதிரி. விளக்கின் ஒளி நடுவில் வெள்ளைப் பொட்டாக விழும், ஓரமெல்லாம் இருட்டும். ஆகவே தொண்ணூறு அங்குல அகலப் படுக்கை விரிப்பைப் பெட்டகத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தார். 50 மில்லிமீட்டர் லென்ஸ், 10 மீட்டர் தூரம், ஆறேகால் அடி அகலப் படம். தையல் விழாமல் அதற்குள் அடங்கியது. பின்னால் கறுப்புத் துணி கட்டச் சொன்ன பந்தல்காரருக்கு நன்றி. அது இல்லாவிட்டால் பாதி வெளிச்சம் துணியைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போயிருக்கும். இடைத்தலைப்புகளைத் தமிழில் உரக்கப் படித்த ஓய்வுபெற்ற டீச்சருக்கும், ஆர்மோனியத் தம்பிக்கும், தரையில் கிடந்த பிலிமை மிதிக்காமல் மடியில் ஏந்தி உட்கார்ந்திருந்த ஏழு பிள்ளைகளுக்கும், அந்த நேரத்தில் செல்போன் வெளிச்சம் பிடித்த எல்லோருக்கும் நன்றி. 'நாம் இருவர்' படத்தைக் கீற்றுக் கொட்டகை போட்டு எடுத்த காரைக்குடிப் பக்கத்து ஜனங்கள், நடுவில் நின்ற படத்துக்கு ஒரு மணி நேரம் எழுந்து போகாமல் காத்திருந்ததில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம்.

இனிமேல் படம் போடுவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லா பெல்ட்டையும் கழற்றி வளைத்துப் பார்ப்போம். வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுவோம். ஒவ்வொரு ரீலிலும் 100 படத்தை ஸ்கேலில் வைத்து அளப்போம். 762 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 754-க்கு வந்துவிட்டால் பிலிம் நூற்றுக்கு ஒன்று சுருங்கிவிட்டது, அதைப் பல்லில் ஏற்ற மாட்டோம். பெட்டியைத் திறந்ததும் காடி நாற்றம் அடித்தால் அந்த ரீலை மற்றவற்றோடு வைக்க மாட்டோம், அந்த நோய் பக்கத்துப் பெட்டிக்கும் தொற்றும். மச்சு வீட்டுக்குக் கீழே, வெயில் இறங்காத அறையில்தான் இனி பெட்டிகள் இருக்கும்.

அண்ணன் மெஷினுக்குப் புதுப் பெல்ட் போட்டாயிற்று. அவர் சொன்னபடியே அது நீண்டுகொண்டே போகிறது. திங்கட்கிழமைக்குள் இரண்டு முறை வெட்டிக் கிளிப் மாற்றிவிட்டார், இன்னும் ஒரு முறை வேண்டியிருக்குமாம். ஆகவே முகூர்த்தத்துக்கு ஜாக்கெட் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் ஆச்சிமார் அவரை ஏச வேண்டாம். தாமதம் எங்களால். புதன்கிழமை சாயங்காலம் நாங்களே வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
வளவில் படம் போடுகிறவர்கள்