எண் மட்டும் போட்டால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹிக்ஸ் துகளுக்குப் பிறகு எல்.எச்.சி. என்னும் ஐரோப்பியத் துகள் மோதுவானில் புதிதாக எதுவும் சிக்கவில்லை என்று அலுத்துக்கொள்ளும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். புதுத் துகள் நேரில் வந்து நின்றால்தான் கண்டுபிடிப்பா? மோதல் ஆற்றலுக்கு எட்டாத கனத்த துகளும், தெரிந்த துகள்களின் நிறையைக் கடுகளவு நகர்த்திவிடும். மிகக் கனத்த அடிப்படைத் துகளான டாப் குவார்க் 1995இல் பிடிபடும் முன்பே அதன் நிறை ஏறக்குறைய எங்கே இருக்கும் என்பதை எல்.எச்.சி.க்கு முன் அதே சுரங்கத்தில் இயங்கிய லெப் மோதுவானின் அளவீடுகள் காட்டியிருந்தன.

கடுகளவு என்பதில்தான் சிக்கல். மென்விசையைச் சுமக்கும் துகளான டபிள்யூ போசானை எடுத்துக்கொள்வோம். அது சில வேளைகளில் மியூவானாகவும் (எலக்ட்ரானின் கனத்த உறவு) நியூட்ரினோவாகவும் சிதைகிறது. நியூட்ரினோ கருவியில் படாமல் தப்பிவிடுவதால் நிறையை நேராகக் கூட்டிப் பார்க்க வழியில்லை. மியூவானின் குறுக்கு உந்தம் (மோதும் கற்றைக்குக் குறுக்கான திசையில் உள்ள உந்தம்) 40 ஜி.இ.வி. (துகள் இயற்பியலின் அலகு, ஆயிரம் எம்.இ.வி.) அருகே உச்சம் தொட்டுச் சரிகிறது. அந்தச் சரிவு விழும் இடத்திலிருந்துதான் நிறையைக் கணிக்கிறார்கள். உந்தமோ காந்தப் புலத்தில் தடம் வளைவதைக் கொண்டு அளக்கப்படுவது. புலத்தின் மதிப்பிலோ, சிலிக்கான் தகடுகளின் இருப்பிடத்திலோ, வழியில் மியூவான் இழக்கும் ஆற்றலிலோ பிசகு நேர்ந்து, உந்தம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தவறினால் டபிள்யூவின் நிறை 8 எம்.இ.வி. தள்ளிப் போகும். ஆகவேதான் நிறை துல்லியமாகத் தெரிந்த ஜே/சை என்னும் துகள் (3,096.9 எம்.இ.வி.) இரண்டு மியூவான்களாகச் சிதைவதை வைத்து அளவுகோலைத் திருத்துகிறார்கள், டபிள்யூவின் துணைத் துகளான இசட் போசானை வைத்துச் சரிபார்க்கிறார்கள். மோதும் புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகள் உந்தத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் விதம் தனித் தலைவலி. மோதல்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் இவை தீர்ந்துவிடாது.

லெப் காலத்தில் நிலவின் ஈர்ப்பால் 27 கி.மீ. வளையம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விரிந்து சுருங்கியதையும், அது கற்றையின் ஆற்றலை மாற்றும் என்பதால், கணக்கில் சேர்த்தார்கள். அருகில் ஓடிய ரயிலின் கசிவு மின்னோட்டத்தைக்கூட விடவில்லை. இசட் நிறை 91,187.6 எம்.இ.வி., பிழை வெறும் 2.1 என்று சொல்ல முடிந்தது அதனால்தான்.

2022இல், அமெரிக்காவில் இயங்கிய டெவட்ரான் மோதுவானின் சி.டி.எஃப். ஆய்வுக் குழு டபிள்யூ நிறையை 80,433.5 ± 9.4 எம்.இ.வி. என்று அறிவித்தது. இன்றைய துகள் கோட்பாடான திட்ட மாதிரியின் கணிப்பு 80,357 அருகே. உடனே 'புதிய இயற்பியல்' என்று தலைப்புகள் பறந்தன. 2024இல் எல்.எச்.சி.யின் சி.எம்.எஸ். குழு தந்த எண் 80,360.2 ± 9.9. பிழை எல்லை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே, இடைவெளி 73 எம்.இ.வி. இரண்டும் ஒருசேரச் சரியாக இருக்க வாய்ப்பில்லை.

அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால் எண்ணோடு பிழையையும் போடுங்கள். அதில் புள்ளியியல் பங்கு எவ்வளவு, கருவியும் கோட்பாடும் சேர்ப்பது எவ்வளவு என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
இயற்பியல் வாசகர்