மருமவன் கையில கெடக்க கயிறு

ஏல தம்பி,

போன்ல சொன்னா பாதியில கட் பண்ணிருவ, அதான் எழுதுதேன். நம்ம ஊர்க்காரங்க நாலு பேரு இதப் படிப்பாங்க, அதனால அவன் கையில நீ கட்டி விட்ட சாதிக் கயிறு என்ன கலருன்னு இங்க எழுத மாட்டேன்.

திங்கக்கிழமை மருமவன் என் க்ளாஸுக்கு வாரான். அத்தன்னு ஓடி வந்து நிப்பான், எனக்கும் கன்னத்தக் கிள்ளணும்போலதான் இருக்கும், ஆனா மத்த பிள்ளைகளக் கயித்தக் கழத்தச் சொல்லும்போது அவனையும் சொல்லுவேன். முடிவு பண்ணிட்டேன்.

"சாமி கயிறு, என் பிள்ள கை, என் உரிமை"ம்ப. சாமி கும்பிட உரிமை குடுத்த அரசியல் சட்டத்தோட 25-ஆவது பிரிவே, பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் இதுக்கெல்லாம் உட்பட்டுதான்னு சொல்லித்தான் ஆரம்பிக்கு. அதுவும் போக, சாமி கயிறுன்னா சாதிக்கு ஒண்ணா தெருவுக்குத் தெரு கலர் மாறுமால?

2006-ல நீ ப்ளஸ் டூ. திண்ணையில தூங்கிட்டுக் கெடந்த, அப்பாவோட ஷேவிங் பிளேட எடுத்து நாந்தான் அறுத்தேன், மணிக்கட்டுல கயிறு கெடந்த இடம் மட்டும் வெள்ளையா இருந்துச்சு. மறுநாள் சாயந்திரம் பஸ்ஸ விட்டு எறங்கி வார, சட்டையில ரெண்டு பட்டன் இல்ல, கீழ் உதடு வீங்கிப் போயிருக்கு. கயிறு எங்கலன்னு நம்ம பயலுவளே அடிச்சிருக்கானுவ. அம்மா கேட்டதுக்கு "அறுந்து எங்கயோ விழுந்துட்டும்மா"ன்ன. என் முகத்தப் பாக்கவே இல்ல. என்னக் காட்டிக் குடுக்கல பாத்தியா, அத நெனச்சா இப்பவும் தொண்டைய அடைக்கி.

மன்னிச்சிருல. ஆனா அறுத்தது தப்புன்னு இப்பவும் தோணல, எல்லாக் கையிலயும் கெடக்கும்போது உன்ன மட்டும் வெறுங்கையா அனுப்புனேன் பாரு, அதான் தப்பு. ஒருத்தனுக்கு மட்டும் தடை போட்டா அது தண்டன. அதனாலதான் மருமவனுக்குன்னு தனிச் சலுகை கெடையாது.

2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில சாதி வெறியில ஒரு பையன கூடப் படிச்ச பயலுவளே வீடு புகுந்து வெட்டுனானுவ, தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்கப்புறம் போட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன்ல அறிக்கை குடுத்துச்சு, கலர் கயிறு, மோதிரம், நெத்தி அடையாளம் எதுவும் பள்ளிக்கூடத்துல வேண்டாம்னு. நெத்தி விஷயத்துல எனக்கே சங்கடம் உண்டு, திருநீறு வெறும் பக்தியாவும் இருக்கும்லா, அதுல எங்க கோடு போடணும்னு இன்னும் யோசிக்கேன். கயித்துல எனக்கு யோசனையே இல்ல. கையப் பாத்துட்டுப் பக்கத்துல உக்காரலாமா வேண்டாமான்னு பத்து வயசுப் பிள்ள முடிவு பண்ணுதத நான் தெனமும் பாக்கேன்.

உரிமையப் பத்தி நீ பேசாத. நான் பி.எட். சேரணும்னப்ப, பாளை பஸ் ஸ்டாண்ட்ல யார்ட்டயோ பேசிட்டு நின்னேன்னு அப்பாட்ட சொன்னது நீதான. "பொம்பளப் பிள்ளைக்கு ஒரு எல்ல வேண்டாமா"ன்ன. ஒரு வருசம் வீட்டுக்குள்ள கெடந்தேன். நான் படிச்சா யாருக்குல அடி விழுந்திருக்கும்? அதுக்கு எல்ல வேணும், இதுக்கு வேண்டாமா? மேல எழுதுனா அம்மா மனசு கஷ்டப்படும், விட்டுருதேன்.

ஞாயித்துக்கிழம ராத்திரி நீயே கழத்தி சாமி படத்துக்கு முன்னால வச்சிரு. உனக்கு மனசு வரலன்னா அப்படியே அனுப்பு, பிளேடு கிளேடெல்லாம் எடுக்க மாட்டேன், முடிச்ச அவுத்து அவன் டிபன் பாக்ஸ் பையிலயே போட்டு விடுதேன். மத்தியானச் சோறு கட்ட வேண்டாம், ரெண்டு பேருக்கும் நானே கொண்டு வாரேன்.

அக்கா